எட்டுப் பேர் வளர்த்த நாய்

"அம்மா, என் துறவுக்கு இன்னும் நாள் குறிக்கலையே" என்றார் தெய்வநாயகம்.

"ஒரு குடம்" என்றார் அம்மா.

தெய்வநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டார். குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மடம் மலையில் பாதி உயரத்தில் இருந்தது. சுனை அடிவாரத்தில் இருந்தது. நடுவில் நூற்றறுபது படிகள்.

அம்மா நடத்தும் அந்த மடத்தில் ஒரே ஒரு விதி. 'என்' என்று சொல்லக் கூடாது. என் தட்டு, என் பாய், என் தலைவலி, எதுவும் கூடாது. சொன்னவர் சுனைக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வர வேண்டும். தொடர்ந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அந்தச் சொல்லைச் சொல்லாதவருக்கு அம்மா காவி கொடுப்பார்.

தெய்வநாயகத்துக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தவர். இது இவர் நிலம், அது அவர் நிலம் என்று சங்கிலி பிடித்து அளந்தே தலை நரைத்தவர். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

போன தடவை கணக்கு முப்பத்தோராம் நாள் மூக்குக்கண்ணாடியால் கெட்டது. இந்தத் தடவை துறவாலேயே கெட்டது.

அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

*

புதுக் கணக்கின் ஒன்பதாம் நாள் மழையோடு ஒரு நாய் வந்தது.

பழுப்பு நிறப் பெட்டை. ஒரு காது நிமிர்ந்திருந்தது, ஒரு காது மடிந்திருந்தது. சமையற்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. போகவில்லை.

"யாரோட நாய்?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

"இங்க யாருக்கும் எதுவும் சொந்தம் கிடையாது" என்றார் சமையல் பார்க்கும் பழனியாண்டி. "நாய்க்கு மட்டும் தனிச் சட்டமா சர்வேயரே?"

அம்மாவைத் தவிர மடத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் நாயைப் பிடித்துப்போயிற்று.

காலையில் பழனியாண்டி பொங்கல் வைத்தார். பத்து மணிக்கு ஒருவர் தன் வடையில் பாதியைக் கொடுத்தார். மத்தியானம் இருவர் தனித்தனியாகச் சோறு வைத்தார்கள். மலைக்கு வந்தவர்கள் பிஸ்கட் போட்டார்கள். பௌர்ணமியன்று பாயசமும் கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் தான் மட்டுமே கொடுக்கிறோம் என்ற நினைப்பு.

நாய் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ஒருவர் அதை ராஜா என்று கூப்பிட்டார். பெட்டை நாய் என்பதை அவர் கவனிக்கவில்லை. ஒருவர் டைகர் என்றார். பழனியாண்டி பைரவர் என்று கும்பிட்டார். எல்லாப் பேருக்கும் நாய் வாலை ஆட்டியது.

ஒரு மாதத்துக்குள் அதன் வயிறு படியில் உரசியது.

*

"அம்மா, இந்த நாயைப் பார்த்து ஒண்ணு புரிஞ்சுது" என்றார் தெய்வநாயகம். அன்று முப்பத்தைந்தாம் நாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து வைத்தார். "ஊர் நாய்க்கு ஒரு எசமான். அவன் கோவிச்சுக்கிட்டா அதுக்குப் போக்கிடம் இல்ல. இங்க எட்டுப் பேர் அன்பா இருக்கோம். சொந்தம்னு ஒருத்தரும் இல்ல. அதான் இது இவ்வளவு சந்தோஷமா இருக்கு."

"எங்க இருக்கு?" என்றார் அம்மா.

தேடினார்கள். சமையற்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடையில் வாய் வைத்து நாய் நக்கிக்கொண்டிருந்தது.

அம்மா வாசலுக்கு வந்தார். நாய்க்கென்று வைத்திருந்த மண்சட்டியை எடுத்தார். கவிழ்த்தார்.

ஒரு காய்ந்த இலை விழுந்தது.

சட்டியைத் தெய்வநாயகத்தின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெய்வநாயகம் வெகுநேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

"அம்மா சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாங்க. வெறுமையா இருக்குறதுதான் நிறைவா இருக்குறதுன்னு அர்த்தம்."

"ஆகா" என்றார் பழனியாண்டி. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சட்டி காலியாகவே இருந்தது.

*

நாற்பதாம் நாள் நாய் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். யாராவது பார்ப்பார்கள் என்று போய்விட்டார்கள்.

தெய்வநாயகமும் போனார். பத்து அடி போனதும் திரும்பி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார்ந்து அதன் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். விரலிடுக்கில் கருவேல முள். இழுத்தார். நாய் தலையை அண்ணாந்தது. தாடைக்குக் கீழே, மிளகாய் விதை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

அன்றைக்கு நாய் அவர் பாயின் காலடியில் வந்து படுத்தது.

அவர் அதைத் துரத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. கூப்பிட ஒரு பேர் வேண்டும். பேர் வைத்தால் அதற்கு முன்னால் என்ன வார்த்தை வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

*

நாற்பத்தாறாம் நாள் கீழே ஊரிலிருந்து செய்தி வந்தது.

ஏதோ ஒரு நாய் ஆடு மேய்க்கும் அம்மாளைக் கடித்துவிட்டது. பஞ்சாயத்தில் முடிவு எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை பம்புசெட்டு வாசலில் வெறிநாய்க்கடி ஊசி போடுவார்கள். ஊசி போட்ட நாய்க்கு அட்டை தருவார்கள். வெள்ளிக்கிழமை வண்டி வரும். அட்டையும் கழுத்துப்பட்டையும் இல்லாத நாய்களை ஏற்றிக்கொண்டு டவுனில் இருக்கும் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள். அங்கே ஏற்கனவே முந்நூறு நாய்.

"நாளைக்கு எல்லாரும் கீழ போவோம்" என்றார் அம்மா.

வியாழக்கிழமை நாற்பத்தேழாம் நாள். விடியும்போதே கொடியில் ஒரு காவித் துணி சாயம் சொட்டிக்கொண்டிருந்தது.

தெய்வநாயகம் அதைப் பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டே போனார்.

*

பழனியாண்டியின் துண்டை நாயின் கழுத்தில் கட்டி இறக்கினார்கள். இருபது படிக்கு ஒரு தடவை நாய் உட்கார்ந்து இளைத்தது. துண்டை எட்டுப் பேரும் மாறி மாறிப் பிடித்தார்கள். ஒருவர் வலப்பக்கம் இழுத்தார், ஒருவர் இடப்பக்கம் இழுத்தார்.

பம்புசெட்டு வாசலில் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜெபமணி என்ற பெண் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நாயின் மடிந்த காதைத் தூக்கிப் பார்த்தார்.

"சாமி, இதைப் பாருங்க."

ஆமணக்கு விதை அளவில் உண்ணிகள். வரிசையாக.

"எத்தனை பேர் வளர்க்கிறீங்க?"

"எட்டுப் பேர்" என்றார் பழனியாண்டி, பெருமையாக.

"அதான்" என்றார் ஜெபமணி.

ஊசியில் மருந்தை ஏற்றினார். அட்டையை எடுத்து மடியில் வைத்தார். "யார் பேர்ல எழுதட்டும்?"



"மடத்தோட பேர்ல எழுதுங்க" என்றார் ஒருவர்.

"நாய் துள்ளினா மடம் வந்து பிடிக்குமா?"

"கடவுள் பேர்ல எழுதிடுங்க தாயி" என்றார் பழனியாண்டி. "எல்லாம் அவரோடதுதான்."

"எழுதலாம். அவரோட போன் நம்பர் சொல்லுங்க."

பழனியாண்டி பின்னால் நகர்ந்தார். மற்றவர்களும் ஆளுக்கு ஓரடி நகர்ந்தார்கள். "இந்த உடம்பே நம்மளோடது இல்லைன்னு இருக்கோம்" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"உடம்பு யாரோடதா வேணா இருக்கட்டும் சாமி. நாளைக்கு இது யாரையாவது கடிச்சா வந்து நிக்குறதுக்கு ஒரு ஆள் வேணும். அடுத்த வருஷம் இதே மாசம் ஊசிக்குக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும். பேர் இல்லாம அட்டை தர முடியாது."

தெய்வநாயகம் அம்மாவைத் தேடினார். அம்மா பம்புசெட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இன்னைக்கு நாற்பத்தேழு, இல்லையா ஐயா?" என்றார் அம்மா. ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஜெபமணி பெட்டியை மூடினார். "ஐஸ் கரையுது. நான் அடுத்த ஊருக்குப் போகணும்."

தெய்வநாயகத்துக்குக் காலில் ஏதோ சூடாகப் பட்டது. குனிந்தார். அவர் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு நாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எழுதும்மா" என்றார். "தெய்வநாயகம்."

"நாய் உங்களோடதா?"

"என் நாய்தான்."

"போச்சு" என்றார் பழனியாண்டி.

"நாய் பேரு?"

"ராஜா" என்றார் ஒருவர். "டைகர்" என்றார் ஒருவர்.

"பொட்டு" என்றார் தெய்வநாயகம். தாடையைத் தூக்கிக் காட்டினார்.

ஏழு பேரும் குனிந்து பார்த்தார்கள். முப்பத்தெட்டு நாளாகச் சோறு போட்டவர்கள். யாரும் அந்தப் புள்ளியைப் பார்த்ததில்லை.

"பிடிச்சுக்கங்க" என்றார் ஜெபமணி.

"பயப்படாத, என் தங்கம்."

"ரெண்டு" என்று எண்ணினார் பழனியாண்டி.

ஊசி போனது. நாய் ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான்.

"கையெழுத்துப் போடுங்க சாமி."

"என் கண்ணாடி எங்க?"

"மூணு."

தெய்வநாயகம் சிரித்துவிட்டார். எப்போது கடைசியாகச் சிரித்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

கையெழுத்து முடியும்வரை ஜெபமணி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். சோறு ஒரே கை வைக்கணும், ரெண்டே வேளை. பாயசம் வச்சீங்கன்னு கேள்விப்பட்டேன், இனிமே வேண்டாம். உண்ணிக்கு இந்த மருந்து, தினமும் காதைப் பிரிச்சுப் பாருங்க. படியேறி இறங்கட்டும், வயிறு தானா வத்தும். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணிடலாம். எல்லாத்துக்கும் முன்னாடி தண்ணி. சட்டியைத் தேய்ச்சுக் கழுவி, நிழல்ல வைங்க. வெயில்ல வச்சா வெந்நீராகி நாய் வாய் வைக்காது.

"தண்ணி" என்றார் தெய்வநாயகம்.

கையிலிருந்த பேனா நின்றது. கவிழ்ந்த சட்டியும் காய்ந்த இலையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் கீழே வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் வலையோடு படியேறி வந்தார்கள். மேலே வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்கள்.

தெய்வநாயகம் அட்டையைக் காட்டினார்.

"அட்டை சரி" என்றார் ஒருவர். "கழுத்துல பட்டை எங்க? பட்டை இல்லாம விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க ஐயா."

தெய்வநாயகம் விழித்தார். பட்டை வாங்க டவுனுக்குப் போக வேண்டும்.

அம்மா கொடியருகே போனார். காவித் துணியை எடுத்தார். அதன் கரையைப் பல்லில் கடித்தார். சர்ரென்று ஒரு கீற்றுக் கிழிந்தது.

பழனியாண்டி வாயில் கை வைத்தார்.

அம்மா அந்தக் கீற்றை மூன்றாக மடித்து நாயின் கழுத்தில் கட்டினார். இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். நுழைந்தது. விட்டுவிட்டார்.

வலைக்காரர்கள் நாயைப் பார்த்தார்கள். நாய் காவி கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"இதை வண்டியில ஏத்தினா ஊர்ல என்னைய அடிப்பாங்க" என்றார் ஒருவர். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

*

தெய்வநாயகம் குடத்தை எடுத்தார்.

பொட்டு அவருக்கு முன்னால் இறங்கியது. அவருக்குப் பின்னால் ஏறியது. முப்பதாவது படியில் ஒரு தடவை உட்கார்ந்தது. அவரும் உட்கார்ந்தார்.

மேலே வந்து சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்தார். கழுவினார். வேப்ப நிழலில் வைத்து நிரப்பினார்.

பொட்டு குடித்தது. சளக் சளக் என்ற அந்தச் சத்தம் மடம் முழுக்கக் கேட்டது. மற்ற ஏழு பேரும் வந்து நின்று பார்த்தார்கள்.

"மூணுல ஒண்ணு ஆச்சு" என்றார் பழனியாண்டி.

அம்மா கிழிந்த காவித் துணியோடு வந்தார். அதைத் தெய்வநாயகத்தின் தோளில் போட்டார்.

அவர் பதறிப்போனார். "அம்மா, நேத்து மூணு தடவை சொல்லிட்டேன். கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்துதானே?"

அம்மா குனிந்து சட்டியைத் தூக்கினார். கவிழ்த்தார்.

ஒரு சொட்டு விழுந்தது.

"யாரோட சட்டி ஐயா இது?"

தெய்வநாயகம் தோளில் கிடந்த துணியைப் பார்த்தார். கீழே பார்த்தார். பொட்டு அவர் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"என் நாயோடது" என்றார்.

"ஒரு குடம்" என்றார் அம்மா.