குடம் குடமாய்க் கரண்ட்

எங்கள் கோணமேட்டில் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் கரண்டுக்குத்தான். விளக்கு மினுங்கும், மின்விசிறி சோம்பல் முறிக்கும். தவசியப்பனின் மோட்டாரோ ஒருமுறை உறுமிவிட்டுப் படுத்துவிடும். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் அவருடைய மிளகாய்ச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன.

லைன்மேன் ஜெபராஜ் வந்து, டிரான்ஸ்பார்மர் காலடியில் எர்த் கம்பி புதைத்திருந்த குழியைக் காட்டினார். "குழி காய்ஞ்சு கிடக்கு. ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு மோட்டாரைப் போடுங்க, ஓடும்."

தவசியப்பன் தம் கிணற்றில் இறைத்து இரண்டு குடம் ஊற்றினார். சுவிட்சைப் போடப் போனவரை ஊரார் மறித்தார்கள். இரண்டு குடம் ஒரு மோட்டாருக்குச் சரி, மற்ற வீடுகளுக்கு யார் ஊற்றுவது என்று கேட்டார்கள். அது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. எல்லோரும் ஊற்றி முடிக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று.

அக்கம்பக்கத்தில் வேறு கிணறு இல்லை. வீட்டுக்கு வீடு தவசியப்பன் கிணற்றுக்கே குடத்தோடு வந்தார்கள். கிரைண்டர் வைத்திருந்தவர்கள் கூடுதலாக ஊற்றினார்கள். குப்பாண்டி இஸ்திரிப் பெட்டிக்காகத் தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்தான். ஃபிரிட்ஜ் வைத்திருந்த சீரங்காயி மண்பானையில் குளிரவைத்து ஊற்றினாள்.

"ஏண்டா, உன் வெந்நீர் என் ஃபிரிட்ஜுக்குள்ள வந்தா பால் திரிஞ்சு போகாதா?"

"உன் பச்சைத் தண்ணியில என் சட்டைச் சுருக்கம் போகாதே, அதை நான் கேட்டேனாக்கா?"

தவசியப்பன்தான் தீர்த்துவைத்தார். காலையில் குளிர்ந்தது, மாலையில் வெந்நீர். தம் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அதோடு நிற்கவில்லை. தீபாவளி சீரியல் விளக்குகளுக்கும் இப்போதே ஊற்றி வைத்தார்கள்.

கடைசிக் குடத்தில் சேறு வந்தது. தவசியப்பன் சாமியைக் கும்பிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டார் பிறந்ததிலிருந்து அப்படி ஓடியதில்லை. ஊரே கைதட்டியது. குழாயிலிருந்து மட்டும் புஸ்ஸென்று காற்று வந்தது.

கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அடியில் இருந்த தவளை அவர்களை நிமிர்ந்து பார்த்தது.

ஊர் உட்கார்ந்து யோசித்தது. மறுநாள் ஜெபராஜ் வந்து, கரண்ட் எப்படி என்று விசாரித்தார்.

"கரண்டுக்குக் குறையே இல்ல சார்," என்றார் தவசியப்பன் பணிவாக. "தண்ணியை ஊத்தினோம், கரண்ட் வந்துச்சு. இப்போ செடிக்குத் தண்ணி வேணும். கரண்டை எந்தக் குழியில ஊத்தணும்னு மட்டும் காட்டிட்டுப் போங்க."

அவருக்குப் பின்னால், கரண்ட் பிடிக்க ஊரே காலிக் குடங்களோடு வரிசையில் நின்றது. ஒவ்வொரு குடத்தையும் சொட்டு ஈரமில்லாமல் துடைத்திருந்தார்கள். தண்ணீரில் கரண்ட் பட்டால் ஆபத்து என்பதுகூடவா எங்கள் ஊருக்குத் தெரியாது?