வர்தவார் நாளில் தண்ணீர் ஊற்றுவது ஏன்

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதர்களோடு பேசும். மனிதர்களும் பதில் சொல்வார்கள், சண்டைகூடப் போடுவார்கள். அப்போது அராராத் மலைக்குக் கீழே ஆர்மேனியர்களின் சிற்றூர் ஒன்று இருந்தது. நடுக்கோடையில் அங்கே வர்தவார் என்று ஒரு திருவிழா வரும். வீட்டுக்கு வீடு ரோஜாக்களைப் பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அவ்வளவுதான் விழா. தண்ணீர் ஊற்றுவதெல்லாம் அப்போது கிடையாது.

ஊரிலேயே பெரிய ரோஜா நஸேலி என்ற பெண்ணின் தோட்டத்தில்தான் பூக்கும். அவளுக்கு அதில் திமிரும் உண்டு. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மலையிலிருந்து வரும் ஒரே வாய்க்காலும் இளைத்துப் போயிற்று. குடிக்க மட்டும்தான் தண்ணீர், செடிக்கு ஒரு சொட்டுக் கூடாது என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. நஸேலியும் தலையாட்டினாள்.

ஆனால் விழா நெருங்கும்போது மொட்டுகள் கருக ஆரம்பித்தன. வெறுங்கையோடு எப்படிக் கோயிலுக்குப் போவது? வாய்க்கால் திரும்பும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டாள். சேற்றை அப்பினாள். தண்ணீர் அவள் தோட்டத்துக்குள் திரும்பியது. அங்கே நின்ற மரத்தின் உச்சியில் ஒரு செங்கால் நாரையின் கூடு. அதிலிருந்து உதிர்ந்து கிடந்த சுள்ளிகளை அள்ளிக் கல்லை மூடினாள்.

ரோஜா பூத்தது. கீழ்த்தெருவில் குடங்கள் காய்ந்தன. அந்தத் தெருவில் சதெனிக் என்பவளின் கைக்குழந்தை நாக்கு வறண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

விழாவன்று காலையில் ஊரே வாய்க்காலைத் தேடிக்கொண்டு வந்தது. சுள்ளிக் குவியலைப் பார்த்ததும் ஊர்த் தலைவர் மிஹ்ரான் கத்தினார். "யார் வேலை இது?"

"நாரைதான், வேறு யார்?" என்றாள் நஸேலி. "அதன் கூட்டுச் சுள்ளிதானே. தண்ணீர் வழிந்து என் தோட்டத்துக்குள் வந்துவிட்டது, நான் என்ன செய்ய?"

சொல்லும்போதே காது சுட்டது.

நாரை மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தது. "நஸேலி, நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீயே சொல்லிவிடு" என்றது.

அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

"என் பிள்ளை சாகக் கிடக்கிறான், இதற்குக் கூடு ஒரு கேடா?" என்றாள் சதெனிக். "பிய்த்துப் போடுங்கள்!"

"குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது" என்றது நாரை.

"உனக்கு வாய் வேறயா?" மிஹ்ரான் நீளக் கம்போடு மரத்தில் ஏறினார். கீழே நின்றவர்கள் "தள்ளுங்கள், தள்ளுங்கள்" என்றார்கள். கம்பு பட்டுக் கூடு சாய்ந்தது. விளிம்பில் ஒரு குஞ்சின் கழுத்து எட்டிப் பார்த்தது.

"மாமா, இறங்குங்கள்!" என்று நஸேலி அலறினாள். "அடைத்தது நான்!"

யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம். சதெனிக் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, "பூவுக்காகவா?" என்றாள். அவ்வளவுதான்.

நஸேலிக்கு அழுகை பொங்கியது. கண்ணும் மூக்கும் ஒழுக, ஊர் மொத்தமும் பார்க்க நின்றாள். பூமி பிளக்கவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் அழட்டும், வாய்க்கால் நிரம்பிவிடும்" என்று பின்னால் ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

கல்லை நகர்த்தியதும் தேங்கியிருந்த தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. நாரை இறங்கி வந்தது. இரண்டு இறக்கையையும் வாய்க்காலில் முக்கியெடுத்து, நஸேலியின் தலைக்குமேல் உதறியது. அவள் தொப்பலாக நனைந்தாள்.

"இப்போது அழு" என்றது நாரை. "எது தண்ணீர், எது அழுகை என்று யாருக்குத் தெரியப் போகிறது?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சதெனிக் குழந்தைக்குத் தண்ணீர் புகட்டினாள். சாய்ந்த கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குடத்தில் தண்ணீர் மொண்டு நஸேலியிடம் நீட்டினாள்.

"என் தலையிலும் ஊற்று. பிய்த்துப் போடச் சொன்னவள் நான்தானே."

நஸேலி ஊற்றினாள்.

மிஹ்ரான் மரத்திலிருந்து இறங்கினார். தலைமயிரெல்லாம் சுள்ளி. நாரையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "எனக்கும் ஊற்றும்மா" என்று குனிந்தார். "தள்ளுங்கள்" என்று கத்தியவர்கள் ஒவ்வொருவராக வந்து தலையைக் காட்டினார்கள். கடைசியில் நனையாத முகம் ஒன்றுகூட இல்லை.

அன்று முதல்தான் வர்தவார் நாளில் ஆர்மேனியர்கள் பெரியவர் சின்னவர் பார்க்காமல் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். வழியில் போகிற அந்நியரும் தப்ப முடியாது. நனைந்தவர் கோபப்படக் கூடாது. முகம் ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று அன்றைக்கு ஒருவரையும் கேட்கவும் கூடாது.