துரை கட்டிலில் பன்னிரண்டு பாட்டில் பீர்

ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டம். அங்கே துரை பங்களாவில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். வினையே அதுதான்.

பட்லர் ஞானாதிக்கம் மூவருக்கும் தலைவர். சலாம் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த மலையில் ஆள் கிடையாது. சமையல்காரர் பொங்கியண்ணன் எதைக் கையில் கொடுத்தாலும் வேகவைத்துவிடுவார். தோட்டக்காரர் சடையன் வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் மற்ற இருவருக்கும் வேலை இரட்டிப்பாகும்.

துரை சீமைக்குத் திரும்பப் போகிறார், புது துரை வரப்போகிறார். போகிற துரை நல்லபடியாக ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தால் மூவருக்கும் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். புது துரையைக் கூட்டிவர சேலத்துக்குக் கிளம்பிய துரை, தம் கையால் காய்ச்சி ஜாடியில் வைத்திருந்த பீரைக் காட்டினார்.

"பட்லர், கவனமாகக் கேள். தக்கைகளை வெந்நீரில் ஊறவை. இரண்டு விரல் இடம் விட்டு பாட்டிலில் ஊற்று. தக்கையை அடித்து மூடி, குளிர்ச்சியான இடத்தில் படுக்க வை. நான் வந்து சொல்லும் வரை ஒரு தக்கைகூட வெளியே வரக்கூடாது. இதைச் சரியாகச் செய்தால்தான் சர்ட்டிபிகேட்."

கார் வளைவில் மறைந்ததும் பொங்கியண்ணன் பன்னிரண்டு தக்கைகளையும் வெந்நீரில் போட்டார். போட்டவுடனே கூப்பிட்டார்.

"ஏனுங்க பட்லரே, இது முங்கவே மாட்டேங்குதுங்க. கீழ்ப் பாதி ஊறுது, மேல் பாதி காயுது. இத ஊறுச்சுன்னு சொல்றதுங்களா, காஞ்சுச்சுன்னு சொல்றதுங்களா?"

ஞானாதிக்கம் நெடுநேரம் யோசித்தார். "முங்குற வரைக்கும் கொதிக்க விடு. எது முங்கலையோ அது வேகலன்னு அர்த்தம்."

ஒரு கட்டு விறகு எரிந்தது. கொண்டைக்கடலைக்குப் போடுகிற மாதிரி பொங்கியண்ணன் சோடா உப்பும் போட்டுப் பார்த்தார். தக்கைகள் முங்கவில்லை, ஆனால் கொழகொழவென்று ஆகிவிட்டன. ஒன்றை எடுத்து நசுக்கிப் பதம் பார்த்துவிட்டு, "உப்புத்தான் கம்மி" என்று இறக்கி வைத்தார்.

அடுத்து இரண்டு விரல். யார் விரல்? சடையன் விரல் வாழைக்காய் பருமன். பட்லர் விரல் வெண்டைக்காய்.

"சொன்னது தொரை. அப்ப தொரை வெரலுதான் கணக்கு" என்றார் சடையன்.

"தொரை சேலத்துல இருக்காரேப்பா!"

"கையுறை இங்கதான இருக்குது?"

அப்படியொரு யோசனை சடையனுக்கு எங்கிருந்து வந்ததோ! துரையின் தோல் கையுறையில் பச்சரிசியை அடைத்து, அதன் இரண்டு விரல்களைப் பாட்டில் பாட்டிலாக வைத்து அளந்து பீரை ஊற்றினார்கள். தக்கைகளை அடித்தார்கள். அவிந்த தக்கை ஆனதால் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வேலை சுலபமாக முடிந்ததில் மூவருக்கும் தாங்கமுடியாத சந்தோஷம்.

"இப்ப குளிர்ச்சியான எடம்" என்றார் ஞானாதிக்கம். "பங்களாவிலேயே குளிர்ச்சியான எடம் எது?"

இதில் மட்டும் விவாதமே நடக்கவில்லை. 'என் படுக்கை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது' என்று துரை காலைதோறும் கத்துவது மூவர் காதிலும் விழுந்ததுதான். பன்னிரண்டு பாட்டில்களையும் துரை கட்டிலில் படுக்க வைத்தார்கள். விரித்த படுக்கையைப் போர்த்தாமல் விட பட்லருக்கு மனம் வரவில்லை. மூன்று கம்பளி போர்த்தினார்.

மூன்றாம் நாள் காலை கம்பளியை விலக்கிப் பார்த்தால், கம்பளிச் சூட்டில் பீர் பொங்கி, தக்கைகள் பன்னிரண்டும் அரை விரல் வெளியே தலை நீட்டியிருந்தன. ஞானாதிக்கத்தின் கண்ணெதிரே சர்ட்டிபிகேட் பறந்துகொண்டிருந்தது.

"அமுக்குங்கப்பா!" என்று அலறினார். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கிளம்பியது.

"ஆளுக்கு ரெண்டு கை, ரெண்டு காலு. மூணு பேருக்குப் பன்னெண்டு" என்றார் சடையன்.

ஆண்டவன் கணக்குத் தெரிந்துதான் படைத்திருக்கிறான் என்று பட்லர் உருகிப்போனார். பாட்டில்களைத் தலைமாட்டுப் பலகையிலும் கால்மாட்டுப் பலகையிலும் முட்டுக் கொடுத்து, மூவரும் கட்டிலில் மல்லாந்து, நாலு தக்கைக்கு நாலு அவயவமாக அமுக்கிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாடு இல்லை. மூக்கு அரித்தாலும் சொறிய வழியில்லை.

"ஏனுங்க, தொரை வந்தா சலாம் வைக்கோணுமே?" என்றார் பொங்கியண்ணன்.



"சலாம் வைக்காத பட்லருக்கு எந்தத் தொரை சர்ட்டிபிகேட் குடுப்பாரு?" என்றார் ஞானாதிக்கம். "ஒரு கைய மட்டும் எடுப்போம். ஆளுக்கு ஒண்ணு போனாலும் மிச்சம் ஒம்போது நிக்கும்."

நல்ல ஏற்பாடுதான். கதவு திறந்தபோது இரண்டு துரைகள் நின்றார்கள். இரண்டு துரைக்கு இரண்டு சலாம். படுத்துக்கொண்டே சலாம் வைப்பதும் மரியாதை இல்லை. மூவரும் ஒரே துள்ளலாக எழுந்து நின்று இரண்டு கையாலும் சலாம் வைத்தார்கள்.

பன்னிரண்டு வெடி. புது துரையின் தொப்பி பறந்தது. பழைய துரை அலமாரிக்குள் புகுந்தார். நுரை கூரையைத் தொட்டு, மெத்தையை முழுக்காட்டி, வராந்தா வரை ஓடிற்று. புது துரை மீசையை நக்கிப் பார்த்து, "அருமையான பீர்" என்றார்.

பழைய துரை அலமாரியிலிருந்து வெளியே வந்து, நேரே மேஜைக்குப் போய் சர்ட்டிபிகேட்டை எழுதினார். பேனா முள் உடைந்தது; வேறு முள் போட்டு எழுதினார்.

எழுதி முடித்துத் திரும்பினால் நின்ற இடத்தில் மூவரையும் காணோம். தக்கைகளைப் பொறுக்கிக் காலி பாட்டில்களில் திணித்து, ஈரக் கட்டிலில் மறுபடி மல்லாந்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தொரை வந்தீங்க. ஆனா இன்னும் சொல்லலீங்களே" என்றார் ஞானாதிக்கம்.

துரை தாளை நீட்டினார். பட்லரின் இரண்டு கையும் வேலையாக இருந்தன. பணிவோடு வாயைத் திறந்தார். துரை அதில் செருகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரேறினார்.

புது துரை ஈர மெத்தையருகே முழங்காலிட்டு, கழுத்தைச் சாய்த்து, பட்லரின் பல்லிடுக்கில் தொங்கிய காகிதத்தைப் படித்தார். 'இந்த மூவரும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள்' என்று மேல் பாதியில் இருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கேயே மூவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார். கீழ்ப் பாதியில், 'ஆகையால், உயிர்மேல் ஆசை இருந்தால் இவர்களிடம் எதையும் சொல்லித் தொலைக்காதீர்கள்' என்று இருந்தது. அந்தப் பாதி தக்கை அடித்த மாதிரி ஞானாதிக்கத்தின் வாய்க்குள் இருந்தது. நன்றி சொல்ல வாய் வேண்டியிருந்ததால் அவர் அதை மென்று விழுங்கிவிட்டார்.