வெளியில் சுற்றிய மோட்டார்

சங்ககிரி மலையடியில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திய மரகதம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அங்கிருந்த சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்றார்கள். இந்த உறவு முறை யாருக்கும் குழப்பமாகப் படவில்லை.

மடத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. சாவியைத் திருகினால் அது கிளம்பாது. அதனால் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோருமாக வாசலுக்கு வந்து அதைச் சரிவில் தள்ளிவிடுவார்கள். பாதிச் சரிவில் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஈரோட்டிலிருந்து வந்த பக்தர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இந்தச் சடங்குக்கு என்ன பொருள் என்று பயபக்தியோடு கேட்டார். அகங்காரத்தைத் தள்ளுகிறோம் என்று சமையல்காரர் குப்பண்ணன் முகம் மாறாமல் சொன்னார். மறுவாரம் அந்தப் பக்தர் குடும்பத்தோடு வந்து தானும் தள்ளிவிட்டுப் போனார்.

தைப்பூசம் நெருங்கியபோது செங்கோடன் என்ற சீடர் அம்மாவிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். திருச்செங்கோட்டில் தம்பியோடு சேர்ந்து கார், லாரிகளுக்கு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்று ஊரில் பெயர். ஒருநாள் தம்பி மேலேயே ஸ்பேனரை எறிந்தார். தம்பிக்குப் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அந்த வாரமே பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர், பிறகு ஊர்ப் பக்கமே போகவில்லை.

"பூசத்தன்னைக்கு எனக்குக் காவி குடுக்கோணுங்கம்மா," என்றார்.

"எதுக்குங்கண்ணா?"

"கோவம் போயிருச்சுங்க. இங்க வந்ததுக்கப்புறம் ஒருக்காகூட வரலை."

"போயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"இருந்தா வந்திருக்குமுங்களே."

அந்தப் பதில் அம்மாவுக்குப் பிடித்திருந்த மாதிரிதான் தெரிந்தது.

"பூசத்துக்குப் பழனி போகோணும். வழியில வண்டி நின்னா, தள்றதுக்கு ஆளுக்கு எங்க போறது? முதல்ல அதைப் பாருங்க. காவியை அப்புறம் பேசிக்கலாம்."

செங்கோடன் தயங்கினார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து ஸ்பேனரைத் தொடுவதில்லை என்பது அவருடைய விரதம். இத்தனை நாளும் அவரும் மற்றவர்களோடு நின்று காரைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார். விரதத்தைப் பற்றி அம்மா எதுவும் பேசவில்லை. காரின் டிக்கியிலிருந்த டூல்ஸ் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

செங்கோடன் சாவியைத் திருகிப் பார்த்தார். டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. முன்விளக்கைப் போட்டார். நன்றாக எரிந்தது.

"பேட்டரி நல்லாருக்குதுங்க. செல்ஃப் மோட்டார்தான் போல."

"அது என்ன பண்ணும்?"

"இஞ்சின் தூங்கிட்டு இருக்குமுங்க. அதை முதல்ல சுத்திவிட்டு எழுப்பறதுக்கு ஒரு சின்ன மோட்டார். எழுப்பிட்டா அதோட வேலை முடிஞ்சுது."

அம்மாவுக்கு அது புதிய செய்தி. புடவையைச் செருகிக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். செங்கோடன் பேட்டரி வயரைக் கழற்றினார். காருக்கு அடியில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளை எண்ணெய் விட்டு இளக்கினார். நெடுநேரம் கழித்து அந்த மோட்டாரை மார்பில் அணைத்தபடி வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். விரதம் முறிந்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

மோட்டாரைத் தரையில் வைத்து, ஒரு காலால் அமுக்கிக்கொண்டு, பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். மோட்டார் விர்ரென்று சுற்றியது.

"நல்லாருக்குதுங்கம்மா. மோட்டார்ல குத்தமில்லை."

திரும்பவும் மாட்டினார். சாவியைத் திருகினார். டக்.

வயர்களையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தார். டக். மறுபடி மோட்டாரைக் கழற்றி, தரையில் வைத்து, வயர் கொடுத்தார். அது முன்னைவிட வேகமாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. மாட்டினார். டக். வெயில் ஏறிவிட்டது. அவர் மூன்றாம் முறை மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தபோதும் அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களாண்ணா?"

"கேளுங்கம்மா."

"இங்க கீழ வெச்சாச் சுத்துதே, எதைச் சுத்துது?"

"எதையும் இல்லீங்க. தன்னால சுத்துது."

"வண்டியில?"

"வண்டியில இஞ்சினைச் சுத்தோணுங்க. அத்தனை கனத்தையும்..."

செங்கோடன் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எழுந்து போய், கிணற்று மோட்டார் ரூம் பக்கம் கிடந்த பழைய பெல்ட் ஒன்றைத் துண்டாக அறுத்து எடுத்து வந்தார். மோட்டாரின் பல்சக்கரத்தில் அதைச் சுற்றி, இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் சொல்றப்ப அந்த வயரை இங்க வெய்யுங்க. தீப்பொறி வரும், பயப்படாதீங்க."

அம்மா வைத்தார். பொறி பறந்தது. அவர் பயப்படவில்லை, சிரித்தார். மோட்டார் விர்ரென்று கிளம்பியது. செங்கோடன் பெல்ட்டை மெல்ல இறுக்கினார். கொஞ்சம்தான் இறுக்கியிருப்பார். மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. வயரை எடுக்கச் சொன்னார்.

"மோட்டார்லதாங்க குத்தம்."

"நல்லா சுத்துச்சே."

"சும்மா இருக்கறப்ப எதுவும் சுத்துமுங்க. பெல்ட் போட்டு இழுத்துப் பாத்தாத்தான் தெரியும். பட்டறையில இது எங்க வழக்கம். பெல்ட் போட்டுப் பாக்காம ஒரு மோட்டாரையும் வெளிய விடமாட்டோம்."

"அப்புறம் இங்க ஏன் பாக்கலை?"

செங்கோடன் கீழே கிடந்த துணியை எடுத்துக் கிரீஸ் கையைத் துடைத்தார்.

"இந்தத் தப்புக்குத்தானுங்கம்மா தம்பி மேல ஸ்பேனரை எறிஞ்சேன். ஒரு லாரிக்காரருக்கு அவன் பெல்ட் போட்டுப் பாக்காம மோட்டாரைக் குடுத்துட்டான். நல்லா சுத்துதுன்னு சொன்னான். லாரி நடுவழியில நின்னுபோச்சு."

அம்மா அதைக் கேட்டு ஆச்சரியப்படவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

"இங்க யார் மேலயும் அப்படிக் கோவம் வரலீங்களா?"

"இங்க எதுக்குங்க வருது? எல்லாரும் நல்லவங்க."

"ஆமா," என்றார் அம்மா. "நாங்க நல்லவங்கதான்."

செங்கோடன் மோட்டாரைப் பிரித்தார். உள்ளே சுற்றுகிற உருளைக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகள் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து கிடந்தன. சுமை இல்லாதபோது ஒட்டியும் ஒட்டாமலும் ஓட்டிவிடும், சுமை வந்தால் கைவிட்டுவிடும் என்று காட்டிச் சொன்னார்.

"அப்ப மோட்டாரைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"ஏனுங்கம்மா?" செங்கோடனுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. "கார்பனை மாத்தினாப் போதும். தேயறதுக்குன்னு வெச்சதுதானுங்களே அது."

"எங்க கிடைக்கும்?"

"இந்தப் பழைய வண்டிக்குத் திருச்செங்கோட்டுல ஒரே கடையிலதாங்க இருக்கும்."

"யார் கடை?"

"தம்பி கடைதானுங்க." வேறு யாரையாவது அனுப்பலாமே என்று செங்கோடன் கேட்டார்.

"அளவு உங்களுக்குத்தானே தெரியும்," என்றார் அம்மா.

செங்கோடன் பஸ் பிடித்துத் திருச்செங்கோடு போனார். பட்டறை அதே இடத்தில்தான் இருந்தது. முன்பக்கத்து உதிரி பாகக் கடையும் அப்படியே இருந்தது. கல்லாவில் தம்பி அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு. கடையில் லாரி டிரைவர்கள் சிலர் நின்றார்கள்.

"வாங்க சாமி," என்றார் அர்த்தநாரி. அண்ணா என்று சொல்லவில்லை. "என்ன வேணும்?"

செங்கோடன் பழைய கார்பனை மேசையில் வைத்தார். அர்த்தநாரி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"வெளியில சுத்துது. வண்டியில மாட்டுனா நிக்குது."

"எத்தனை தடவை மாட்டுனீங்க?"

"மூணு தடவை கழட்டுனேன்."

அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சாமி பெல்ட் போட்டுப் பாக்கலீங்களா?"

யாரோ சிரித்தார்கள். மேசை மேல், செங்கோடனின் கை எட்டும் தூரத்தில், ஒரு ஸ்பேனர் கிடந்தது.

சாயங்காலம் அவர் மடத்துக்குத் திரும்பினார். நேரே போய்க் கார்பனை மாற்றினார். பெல்ட்டைப் போட்டு இழுத்தார். மோட்டார் நிற்கவில்லை. காரில் மாட்டிச் சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். இனி அந்த ஈரோட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று குப்பண்ணன்தான் கவலைப்பட்டார்.

கூட்டம் கலைந்ததும் செங்கோடன் சாவியைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தார்.

"காவி வேண்டாங்கம்மா."

"ஏன்?"

"கோவம் போகலைங்க. அப்படியே இருக்குது. கொஞ்சங்கூடத் தேயலை. தம்பி ஒரு வார்த்தைதான் கேட்டான். மேசை மேல ஸ்பேனர் இருந்துச்சு. கை தன்னால போகுதுங்க."

"அப்புறம்?"

"போன கையை மறு கையால புடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"கோவம் வருதுடா அர்த்தநாரி, அந்த ஸ்பேனரை எடுத்து உள்ள வெச்சிருன்னேன்."

அம்மாவின் கண்கள் விரிந்தன. "அவர்கிட்டயேவா?"

"அவன்கிட்டயேதானுங்க. வேற யார்கிட்டச் சொல்றது?"

"என்ன பண்ணுனார்?"

"என்னையே பாத்தானுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போய் உள்ள வெச்சுட்டு வந்தான். நீ கேட்டது நெசந்தான்டா, நானும் பெல்ட் போட்டுப் பாக்கலைன்னேன். அவன் அளவெடுத்துக் கார்பனைக் குடுத்தான். படியிறங்கும்போது மட்டும், அளவு சேரலைன்னா நாளைக்கு வாண்ணா, மாத்திக்கலாம்னான்."

"சேந்துச்சா?"

"சரியாச் சேந்துபோச்சுங்க," என்றார் செங்கோடன். ஒரு குறையைச் சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார்.

அம்மா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கார், யாரும் தள்ளத் தேவையில்லாமல் சும்மா நின்றது.

"ஒண்ணு கேக்கட்டுங்களாண்ணா?"

"கேளுங்கம்மா."

"நீங்க கடையை விட்டு வந்ததுக்கப்புறம், அந்த ஸ்பேனரை அவர் வெளிய எடுத்து வெச்சிருப்பாரா?"

செங்கோடன் நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"தெரியலீங்களேம்மா."

"எனக்கும் தெரியலை," என்று சொல்லி, அம்மா சாவியை அவர் கையில் வைத்தார். "போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா."