தொட்டிக்கு ரெண்டு காவல்

இந்தக் கதையின் கடைசி வரியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்ன வரிதான். இப்பவே சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன்.

அந்தச் சிரிப்பு முதலில் நம்புவேலுக்குப் போய்ச் சேர வேண்டும். அவருக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. நீங்களும் கூடவே உட்காருங்கள். முந்திக்கொண்டு சிரிக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளவும்.

படிக்கிற விதம் ஒன்று உண்டு. நம்புவேல் பேசும்போது தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு கத்துங்கள். முப்பது வருஷம் விசைப்படகு எஞ்சினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் வீட்டில் உப்பு கேட்டால் நாலாவது வீட்டில் எடுத்து வைப்பார்கள். ஜெசிந்தா டீச்சர் பேசும்போது குரலைப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியை இன்னொரு பாதி. மீன் குஞ்சுகள் பதறக்கூடாதென்று பேசிப் பேசி அவர் குரல் அப்படியே தங்கிவிட்டது.

நம்புவேலுக்கு ஐம்பத்து நாலு வயது. டீச்சருக்கு இருபத்தெட்டு. யார் குரு, யார் சீடர் என்று குழம்ப வேண்டாம். கடல் விரால் வளர்க்க மூன்று நாள் வகுப்பு எடுத்தவர் டீச்சர். முதல் வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் நம்புவேல்.

கடல் விரால் அவசரக்கார மீன். தாய் மீன் தொட்டியில் முட்டை போட்டால் மறுநாளே பொரிந்துவிடும். ஒரு மாதத்தில் விரல் நீளம். அப்புறம் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, படகில் ஏற்றி, கரையிலிருந்து ரெண்டு மைல் தள்ளி மிதக்கிற வட்டக் கூண்டில் விட வேண்டும். சாளை மீனை நறுக்கிப் போடப் போட ஒரு வருஷத்தில் தூக்க முடியாத கனம் வந்துவிடும்.

நம்புவேலும் அவர் தம்பி பூவலிங்கமும் சேர்ந்து ஒரு கூண்டு போட்டார்கள். எண்ணூறு குஞ்சு விட்டார்கள். ஒரு நாள் அண்ணன் போய் இரை போடுவார். மறுநாள் தம்பி.

ஐம்பதாம் நாள் வலையைத் தூக்கி எண்ணினார்கள். நானூற்றுப் பத்து.

வலையில் ஓட்டை இல்லை. அடியில் செத்த மீன் ஒன்றும் இல்லை. மேலே கட்டிய பறவை வலையும் அப்படியே இருந்தது.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

சிரிப்பா? இன்னும் பொரியவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. டீச்சர் வேலை பார்க்கிற குஞ்சு பொரிப்பகத்தின் கதவை நம்புவேல் தள்ளிய தள்ளில் தொட்டி மீன்களெல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கின.

"டீச்சரம்மா! ஒரே ஒரு கேள்வி!"

"மெதுவாண்ணே."

"என் மீனை எடுத்தது யாரு?"

டீச்சர் ஒரு தொட்டியின் அடியைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"யாருன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்க என்ன இருக்கு? கூண்டுக்குப் போறது ரெண்டு பேரு. நான் எடுக்கல."

"தம்பி என்ன சொல்றாரு?"

"அவனும் அதையேதான் சொல்றான். கூண்டுக்குப் போறது ரெண்டு பேரு, நான் எடுக்கலன்னு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! என் வாயில இருந்த வார்த்தையையும் திருடிட்டான்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் கோயில்ல சூடம் ஏத்தப்போறேன். எடுக்கலன்னா அவன் கையால அணைச்சு சத்தியம் பண்ணட்டும்."

டீச்சர் இப்போது நிமிர்ந்தார். அவர் திண்டுக்கல்காரர். கடலையே வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தார். ஆனாலும் சூடம் அணைப்பது என்றால் என்னவென்று தெரியும். அணைத்தவன் குற்றமில்லாதவன் ஆகிவிடலாம். அணைக்கச் சொன்னவன் வீட்டில் அதற்கப்புறம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான். பிள்ளைகளும் குடிக்காது.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? பதினஞ்சு நாளுக்கு ஒருக்காப் பிரிச்சீங்களா?"

நம்புவேல் முகம் சுருங்கியது.

"வெந்த புண்ணுல உப்பைத் தேய்க்காதீங்க, டீச்சரம்மா. அன்னிக்கு வகுப்புல நாப்பது பேருக்கு நடுவுல எழுந்து நின்னு நான் என்ன சொன்னேன்?"

சொன்னது டீச்சருக்கும் நினைவிருந்தது. டீச்சர் பலகையில் எழுதிப் போட்டு, 'பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை பிரிக்கணும், பிரிக்காம விட்டா மிஞ்சாது' என்று சொன்னார். நம்புவேல் எழுந்தார். 'மத்தவங்க பிரிக்கட்டும், டீச்சரம்மா. நானும் தம்பியும் ஒரே சட்டியில தின்னு வளர்ந்தவங்க. எங்களுக்குள்ள பிரிக்கிற பேச்சே கிடையாது!' என்றார். வகுப்பே கை தட்டியது. பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று டீச்சருக்கு மட்டும் விளங்கவில்லை. அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது.

"அப்படிச் சொன்ன வாய் இது. இன்னிக்கு அடியோட பிரியப்போறோம்," என்றார் நம்புவேல். குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது.

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன். இனி யார் சொன்னாலும் நம்பமாட்டேன். கண்ணால பார்க்கணும்."

"சரி."

டீச்சர் ஒரு காலித் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். காற்றுக் குழாயைப் போட்டார். குபுகுபு குபுகுபு. பெரிய தொட்டியிலிருந்து வெள்ளைக் கிண்ணத்தால் குஞ்சுகளை மொண்டு மொண்டு விட்டார்.

"எண்ணிக்குங்கண்ணே."

"நூறு."

"இந்தத் தொட்டியிலயும் திருட்டு நடக்குது. சாயங்காலத்துக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இரை போடாதீங்க. இடத்தை விட்டு நகராதீங்க."

"நான் ஒருத்தனே போதும்."

"போதாது," என்று டீச்சர் போனை எடுத்தார். "பூவலிங்கண்ணே, கொஞ்சம் வர்றீங்களா?"

"அவன் எதுக்கு?"

"திருடன் தள்ளி இருந்தா எப்படிப் பிடிப்பீங்க?"

நம்புவேல் யோசித்தார். ஞாயமாகத்தான் பட்டது.

பூவலிங்கம் வந்தான். அவன் குரலுக்கு மூக்கை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்பது வயது. கேள்வி கேட்டால் கேள்விதான் பதிலாக வரும்.

"வர்றதுக்கு என்ன இவ்வளவு நேரம்?" என்றார் நம்புவேல், சுவரைப் பார்த்து.

"நேரம் பார்த்து வர்றதுக்கு நான் என்ன பஸ்ஸா?" என்றான் பூவலிங்கம், கூரையைப் பார்த்து.

டீச்சர் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டார். அண்ணனிடம் சொன்னதையே தம்பியிடமும் சொன்னார். திருட்டு நடக்கிறது, கண்டுபிடிக்க வேண்டும், நகரக்கூடாது.

"கண்ணை எடுக்காமப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தார்கள். அண்ணன் தம்பியின் கையைப் பார்த்தார். தம்பி அண்ணனின் கையைப் பார்த்தான். ஒருத்தர் சொறிந்துகொண்டால் மற்றவர் முன்னால் குனிந்தார். ஒருத்தர் தும்மினால் மற்றவர் எழுந்து நின்றார். நடுவில் குபுகுபு குபுகுபு.

டீ வந்தது. டீச்சர் எண்ணச் சொன்னார்.

தொண்ணூற்றாறு.

"இன்னொருக்கா எண்ணு," என்றார் நம்புவேல்.

தொண்ணூற்றாறுதான்.

"நான் கண்ணே இமைக்கல," என்றார் நம்புவேல்.

"நான் மட்டும் தூங்கினேனா?" என்றான் பூவலிங்கம்.

"கீழே ஓட்டை இருக்கும், டீச்சரம்மா."

டீச்சர் தொட்டியின் அடியைக் காட்டினார். ஓட்டை இல்லை. வடிகுழாயில் சல்லடை இருந்தது. சுற்றிலும் தரை காய்ந்து கிடந்தது.

"துள்ளி வெளியே விழுந்திருக்குமோ?"

முக்காலிக்கு அடியில் பார்த்தார்கள். இல்லை. மறுபடி உட்கார்ந்தார்கள்.

சிரிப்பா? பொறுங்கள். அவரே பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்தே சாப்பிட்டார்கள். இடது கண் சோற்றில், வலது கண் எதிராளியின் கையில். பூவலிங்கம் கை கழுவப் போனபோது நம்புவேலும் கூடப் போய்க் கழுவினார். திரும்பி வந்து எண்ணினார்கள்.

தொண்ணூற்றொன்று.

நம்புவேலின் கழுத்து வேர்த்தது. "டீச்சரம்மா, இது என்ன தொட்டி? மந்திரத் தொட்டியா?"

"சாதாரணத் தொட்டிண்ணே."

"அப்ப இவன் சட்டைப் பையைப் பார்க்கணும்."

"பாரு!" பூவலிங்கம் பையை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. "உன் மடியை அவுத்து உதறு. நீ மட்டும் என்ன, பெரிய உத்தமனா?"

"உதறுறேன்டா! நல்லாப் பார்த்துக்க!"

நம்புவேல் வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினார். பீடிக்கட்டு விழுந்தது. தீப்பெட்டி விழுந்தது. கடைசியாக, காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது.

வாசனையே சொல்லிவிட்டது. சூடம்.

பூவலிங்கம் அதைப் பார்த்தான். இத்தனை நாளும் அண்ணன் கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தான்.

"வாங்கியே வச்சிட்டியா?" என்றான். மூக்குக் குரல் இல்லை இப்போது. நீங்களும் கையை எடுத்துவிடுங்கள்.

நம்புவேல் பொட்டலத்தை எடுக்கவில்லை.

"சாயங்காலம் நான் வர்றேன்," என்றான் பூவலிங்கம். "அணைச்சிட்டே போறேன். நாளைக்கு உன் பேத்திக்குக் காது குத்து. மாமன் வீட்டு வரிசைக்கு அடுத்தது என் வரிசைன்னு நீதானே சொன்னே? அதையும் நீயே வச்சுக்க."

மறுபடி உட்கார்ந்தார்கள். இப்போது யாரும் யார் கையையும் அவ்வளவு கெட்டியாகப் பார்க்கவில்லை. பூவலிங்கம் ஜன்னலைப் பார்த்தான். நம்புவேல் தரையில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார். எதிரே இருந்த தம்பியின் முக்காலி ரெண்டு தரம் காலியானது போல அவருக்குத் தோன்றியது. ரெண்டு தரமும் நிமிர்ந்து பார்த்தார்; தம்பி அங்கேயேதான் இருந்தான்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். அவர்களே எழுந்து எண்ணினார்கள்.

எண்பத்தேழு.

நம்புவேல் அப்படியே முக்காலியில் சரிந்தார்.

"எனக்கு ஒண்ணுமே விளங்கல, டீச்சரம்மா. காலையிலேர்ந்து இவன் கையை விட்டு நான் கண்ணை எடுக்கல. சத்தியமா இவன் தண்ணியைத் தொடல."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று டீச்சர் பூவலிங்கத்தைக் கேட்டார்.

"அவரும் தொடலயே? பொய்யா சொல்ல முடியும்?"

"அப்ப ரெண்டு பேரும் எடுக்கல."

"எடுக்கல."

"வேற யாரும் வரல."

"வரல."

"அப்ப பதிமூணு மீன் எங்க போச்சு?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விரித்தார்கள். ஒரே மாதிரி விரித்தார்கள். அண்ணன் தம்பி இல்லையா.

"நாள் முழுக்க எதைப் பார்த்தீங்க?" என்றார் டீச்சர்.

"இவன் கையை."

"இவர் கையை."

"தொட்டியை?"

குபுகுபு குபுகுபு.

டீச்சர் வெள்ளைக் கிண்ணத்தால் ஒரு தடவை மொண்டார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார்.

"எண்ண வேண்டாம். சும்மா பாருங்க."

குனிந்தார்கள். தலையும் தலையும் இடித்துக்கொண்டன. கிண்ணத்தில் நாலு குஞ்சுகள். மூன்று, ஈர்க்குச்சி மாதிரி. ஒன்று மட்டும் சுண்டுவிரல் தடிமன், வயிறு உப்பி, நீந்த முடியாமல் நீந்திக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஏன் ரெண்டு வால்?" என்றான் பூவலிங்கம்.

நம்புவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பின்னால் ஒரு வால் ஆடியது. முன்னால், வாய்க்கு வெளியே, இன்னொரு வால் ஆடியது. அதைவிடச் சின்ன வால்.

பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வால் கொஞ்சம் உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் போனது. அப்புறம் ஒரு வால்தான்.

ஜன்னல் வழியே கோயில் மணிச் சத்தம் கேட்டது. பூவலிங்கத்தின் கால் அந்தப் பொட்டலத்தின் மேல் இருந்தது. அவன் கவனிக்கவில்லை.

"பெருசு சின்னதைத் தின்னுது," என்றார் நம்புவேல், மெதுவாக. அவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "ஒரே தாய் முட்டை. ஒரே தொட்டி."

"ஆமாண்ணே."

"எங்க கூண்டுலயும் இதான்."

"ஆமாண்ணே."

நம்புவேல் நிமிர்ந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லக் கரையேறியது. நோட்டுப் புத்தகம், பலகை, நாற்பது பேர், கை தட்டல்.

"டீச்சரம்மா... அன்னிக்கு வகுப்புல பிரிக்கணும், பிரிக்கணும்னு சொன்னீங்களே."

"ஆமாண்ணே."

"அது... எங்க பங்கை இல்லையா?"

"மீனைண்ணே," என்றார் டீச்சர்.