நரி மேனேஜரும் கொட்டை வங்கியும்

ஜப்பான் நாட்டு மலைக்காட்டில் ஓர் ஆமையும் ஓர் அணிலும் கொட்டை வங்கியில் வேலை பார்த்தன. இலை உதிரும் காலத்தில் மிருகங்கள் அங்கே கொட்டைகளைப் போட்டு வைக்கும். பனிக்காலத்தில் வந்து எடுத்துக்கொள்ளும்.

அணில் பொந்து பொந்தாகப் போய்க் கொட்டை வாங்கி வரும். ஆமை அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்க்கும். மூழ்கினால் நல்லது. மிதந்தால் உள்ளே புழு. அந்தக் கொட்டை போட்டவரிடமே திரும்பிப் போய்விடும்.

கூலி மட்டும் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் பார்த்துத்தான். பதினெட்டு வருஷ ஆமைக்கு நாளுக்கு ஆறு கொட்டை. போன வருஷம் சேர்ந்த அணிலுக்கு இரண்டு.

"ஓடுறது நான், உட்கார்ந்து திங்கிறது நீங்களா அண்ணே?" என்று அணில் கேட்கும்.

"நீயும் பதினெட்டு வருஷம் ஓடிட்டு வந்து உட்காரு தாயி" என்று ஆமை சிரிக்கும்.

அங்கே நரி புது மேனேஜராக வந்தது. "இனி வருஷக் கணக்கெல்லாம் இல்லை. யார் அதிகம் கொண்டு வருகிறாரோ, அவருக்கே அதிகக் கூலி" என்றது.

அணில் துள்ளிக் குதித்தது. ஆமை தொட்டியை விட்டு இறங்கிக் காட்டுக்கு நடந்தது. சாயங்காலம் அணில் நூறு கொட்டை கொண்டு வந்தது. ஆமை மூன்று.

தொட்டிப் பக்கம் யாரும் போகவில்லை. கொட்டைகள் நேராகக் குவியலுக்குப் போயின. ஒருநாள் அணில் கொண்டு வந்ததில் புழு துளைத்த ஓட்டை இருப்பதை ஆமை பார்த்தது. 'அவள் கொட்டையைப் பார்ப்பது இப்போது என் வேலையா?' என்று வாயை மூடிக்கொண்டது. அணிலும்தான் பார்த்தது. சொன்னால் எண்ணிக்கை குறையுமே!

குவியல் கூரையைத் தொட்டது. நரி மீசையை நீவிக்கொண்டது.

முதல் பனி விழுந்த அன்று முயலம்மா ஐந்து குட்டிகளோடு வந்தாள். தன் கொட்டையை வாங்கிக் கடித்தாள். துப்பினாள்.

"மேனேஜர் சார், நான் போட்டது கொட்டை. நீங்க தர்றது புழு. என் பிள்ளைங்க மூணு மாசம் எதைத் திங்கும்?"

நரி திடுக்கிட்டுத் திரும்பியது. "உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும் சார்" என்றது ஆமை. "அதைச் சொல்றதுக்குக் கூலி இல்லையே."

"சொன்னா கூலி குறையுமே" என்றது அணில், தன் வாலைப் பார்த்துக்கொண்டு.

நரிக்குச் சுருக்கென்றது. அன்றே மூவரும் தங்கள் கூலிக் கொட்டைகளைத் தொட்டியில் கொட்டினார்கள். மூழ்கியதெல்லாம் முயலம்மாவுக்குப் போனது. பிறகு குவியல் முழுவதையும் அலசினார்கள். பாதி தேறியது. சிக்கனமாக இருந்தால் காடு பிழைத்துக்கொள்ளும்.

"இனி மூழ்குகிற கொட்டைக்குத்தான் கூலி. அதுவும் இரண்டு பேருக்கும் சமமாக" என்றது நரி.

"அப்போ நான் காட்டுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டது ஆமை.

"வேண்டாம் அண்ணே" என்றது அணில். "உங்களைத் தேடிக் கூட்டி வர இன்னொரு ஆள் போடணும்."

கூட வேலை செய்கிறவர்களை ஒருவருக்கொருவர் போட்டியாக்கினால் குவியல் உயரும்; உள்ளே இருக்கும் புழுவை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.