மீன் இல்லாத குழாய்

"மேடம், இன்னைக்காவது கையெழுத்துப் போடுவீங்களா மாட்டீங்களா?"

கேட்டவர் அணைஞ்சபெருமாள். கடைகடையாக ஏறி இறங்கிக் கலப்படம் பிடித்தே காலத்தை ஓட்டினவர். மிளகாய்த்தூளை விரலில் தேய்த்தே செங்கல் பொடியைக் கண்டுபிடிப்பார். பெற்ற தாய் காப்பி போட்டுக் கொடுத்தாலும் இதில் சிக்கரி எவ்வளவு என்று கேட்கிற ஆள்.

முழங்கால் வலி வந்ததும் மாற்றல் கேட்டு, உணவுப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வாய்த்தவள் நாச்சியார். அவர் மகள் வயதுதான் இருக்கும். அது வேறு அவருக்கு உறுத்தல்.

"எதுக்கு அண்ணாச்சி கையெழுத்து?"

"மத்தி மீன் டப்பாவுக்குத்தான். ஆறு டப்பா உடைச்சேன். ஆறுலயும் ஈயம், அளவுக்கு மேல. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே கம்பெனிக்குப் பூட்டு."

"மீன் இல்லாம அளந்தீங்களா?"

இதென்ன கேள்வி என்று பெருமாளுக்கு எரிச்சலாக வந்தது.

"மீன் இல்லாம எதை மேடம் அளக்க?"

"வெறும் சோதனைக் குழாயில, மீனக் கரைக்கிற அமிலத்த மட்டும் ஊத்தி அளங்க."

"அது போன மாசமே யாரோ பாத்து, சுத்தம்னு வந்திருக்கு. அதையே வச்சுக்கிட்டேன்."

நாச்சியார் கையெழுத்துப் போடாமல் குழாய்களைக் கழுவப் போய்விட்டாள்.

இவள் ஏன் இழுத்தடிக்கிறாள்? பெருமாளின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. நேற்றுக் கம்பெனி ஆள் ஒருவன் இவளிடம் நின்று பேசிவிட்டுப் போனான். போகும்போது சிரித்துக்கொண்டே போனான். கம்பெனிக்காரன் சிரித்தால் யாரோ விலைபோய்விட்டார்கள் என்று அர்த்தம். பெருமாளின் அனுபவம் அப்படி.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மீன் டப்பா கம்பெனியில் மீனின் தலை கிள்ளுகிற வேலை செய்யும் மிக்கேலம்மாள். கையில் நசுங்கின டப்பாக்கள் இரண்டு.

"நசுங்கினத விக்க முடியாதுல்லா, எங்களுக்குத்தான் குடுப்பாவ. எம்பிள்ளைகளும் இதத்தான் திங்குது. சின்னவனுக்கு வயசு நாலாவுது, இன்னும் பேச்சு வரல. மீன்ல ஈயம்னு சொல்லுதாவ. அதனாலதானா?"

டப்பாக்களைப் பெருமாளிடம் நீட்டினாள்.

"இருக்குன்னா வேல போனாலும் போட்டும். இல்லைன்னா எங்க கஞ்சியில மண்ணப் போட்டுராதிய. உள்ளத மட்டும் சொல்லுங்க."

பெருமாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளையைச் சொல்லிக் கண்ணைக் கசக்கச் சொல்லிக் கம்பெனிதான் அனுப்பியிருக்க வேண்டும். டப்பாவும் அவர்கள் கொடுத்துவிட்டதாகத்தான் இருக்கும். அவள் நீட்டியதை அவர் தொடவே இல்லை.

"நான் சொல்லுதேன் கேட்டுக்கோ," என்று தொண்டையைச் செருமினார்.

நாச்சியார் கையை உயர்த்தினாள்.

"அக்கா, உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் இன்னும் வேலைக்கு வரல. வெளிய பெஞ்சுல உக்காருங்க. வந்ததும் கூப்பிடுதேன்."

பெருமாளுக்குச் சுருக்கென்றது. குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிறேன், ஆள் வரவில்லையாம்.

நாச்சியார் வாயை அடைக்கவாவது வேண்டுமே என்று வெறும் குழாயில் அமிலம் ஊற்றினார். சூடாக்கினார். ஆறினதும் கருவியில் வைத்தார்.

ஈயம் காட்டியது.

மீனே இல்லை. ஆனாலும் ஈயம்.

"மேடம், யாரோ வேலையக் காட்டிட்டான்."

"யாரு?"

"அமில பாட்டில்ல கலந்திருக்கணும். இல்லைன்னா குழாய் கழுவறவன். இல்லைன்னா..."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"இல்லைன்னா நான்," என்றாள் நாச்சியார். "சரி, அதே பாட்டில், அதே கழுவின குழாய். நான் ஊத்துதேன். என் கையவிட்டுக் கண்ண எடுக்காதீங்க."

அவர் கண்ணிமைக்காமல் பார்த்தார். அவள் ஊற்றினாள், சூடாக்கினாள், கருவியில் வைத்தாள். துளி ஈயம் இல்லை.

"உங்க குழாய் சுத்தம், என் குழாய்ல ஈயம்," என்றார் பெருமாள். திருடனின் சட்டையைப் பிடித்துவிட்ட சந்தோஷம் குரலில். "அப்போ என் குழாய்கிட்ட எவனோ வந்திருக்கான் மேடம்."

"வந்திருக்கான்," என்று ஒத்துக்கொண்டாள் நாச்சியார்.

"யாரு அவன்?"

அவள் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தாள். நடுவில் வெறும் குழாய் ஒன்றை நிறுத்தினாள்.

"ஊத்துங்க. எப்பவும் ஊத்துத மாதிரி."

பெருமாளுக்குப் பார்வை மங்கல். குழாய்மேல் நன்றாகக் குனிந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஊற்றினார். நிமிர்ந்தார்.

வெள்ளைத்தாளில் சிவப்பாகப் பொடி உதிர்ந்து கிடந்தது.

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. தினமும் குளித்ததும், காசு அகலத்துக்கு அழுத்தி வைக்கிற குங்குமம்.

அவர் நம்பவில்லை. நம்புகிற ஆளா அவர்? தாளில் கிடந்த பொடியைத் தட்டி நாச்சியார் வைத்திருந்த சுத்தமான குழாய் ஒன்றில் போட்டு, தள்ளி நின்று அமிலம் ஊற்றி, கருவியில் வைத்தார். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"நிறம் நல்லா இருக்கேன்னு வாங்கினேன்," என்றார்.

மிளகாய்த்தூள் வியாபாரிகள் இத்தனை வருஷமாக அவரிடம் சொன்ன அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. வெட்கமாகப் போயிற்று.

மெதுவாகச் சொன்னார். "அப்போ மீன்ல ஒண்ணும் இல்ல. வெளிய இருக்கிற பொண்ணுகிட்டச் சொல்லிருதேன்."

"உங்க நெத்தியில ஈயம் இருக்கு. அதனால மீன்ல இல்லைன்னு ஆயிருமா அண்ணாச்சி?"

வாசல்வரை போனவர் நின்றுவிட்டார்.

பிறகு குழாயடிக்குப் போய் நெற்றி சிவக்கிற மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். சட்டையை மாற்றினார். தலைக்கு உறை மாட்டினார். புதிதாக டப்பாக்களை உடைத்து, முதலில் இருந்து ஆரம்பித்தார். வெறும் குழாயையும் கூடவே வைத்தார்.

வெறும் குழாய் சுத்தம்.

மீனில் ஈயம் கொஞ்சம் இருந்தது. அனுமதித்த அளவுக்கு ரொம்பக் கீழே.

வெயில் சாயும் நேரம். மிக்கேலம்மாள் பெஞ்சைவிட்டு அசையவில்லை.

நாச்சியார் பேனா மூடியைத் திறந்தாள். "குடுங்க அண்ணாச்சி, கையெழுத்துப் போடுதேன்."

பெருமாள் தாளை நீட்டவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மேடம். நான் உடைச்சது எல்லாம் நல்ல டப்பா. அந்தப் பிள்ள தின்னது நசுங்கினதுல்லா? அவ கையில ரெண்டு இருக்கு. அதையும் பாத்துருதேன்."

நாச்சியார் பேனாவை மூடினாள். எழுந்துபோய் வாசலில் நின்றாள்.

"அக்கா, டப்பாவ எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. ஆள் வந்துட்டாவ."